சகலையின் ரத்தத்தில் யூரியா

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தழைச்சத்து என்றால்தான் தெரியும். வீட்டுக்குப் பின்னால் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிற மனிதர். ரோஜா மொட்டு விடவில்லை என்று வந்தாலும் சரி, மிளகாய்ச் செடி சுருண்டுகொண்டது என்று வந்தாலும் சரி, செடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தழைச்சத்து பத்தலை" என்பார். ஒருமுறை தபால்காரர் தலைமுடி கொட்டுகிறது என்று புலம்பியபோதும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கும் அதில் கோபமில்லை, உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பேச்சை அவரிடம் எடுத்தவர்கள் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. "மூச்சு விடுறோமே, அந்தக் காத்துல முக்கால் பங்குக்கு மேல தழைச்சத்துதான். நைட்ரஜன். இருந்து என்ன பிரயோசனம்? கடல்ல நின்னுக்கிட்டுத் தாகத்துக்குத் தவிக்கிற கதை. செடிக்கு வாய் எட்டாது. ஃபேக்டரிக்காரன் அதைப் பிடிச்சு, வேக வச்சு, யூரியான்னு மூட்டை கட்டிக் கையில குடுக்குறான். அதை அள்ளி வைக்கிறதுக்கு உங்களுக்கெல்லாம் கை வலிக்குது!" அவருக்கு மட்டும் வலித்ததே இல்லை. ஊரார் ஒரு பிடி வைக்கிற இடத்தில் இவர் இரண்டு பிடி வைப்பார். பெற்ற பிள்ளைக்கு அளந்தா சோறு போடுகிறோம் என்பது அவர் கட்சி. அவருடைய கீரையைப் பார்த்தால் கறுப்பா பச்சையா என்று சந்தேகம் வரும்.

மனை ஒன்று, வீடு இரண்டு, நடுவில் இடுப்பளவுச் சுவர், சுவரோரம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. அக்காவும் தங்கையும் கல்யாணமான பிறகும் பிரிய மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றதால் கட்டிய வீடுகள் அவை. இந்தப் பக்கம் தழைச்சத்தும் அவர் மனைவியும். அந்தப் பக்கம் அவள் தங்கை, தங்கையின் கணவரான பஸ் டிரைவர், அவர்களுடைய ஒரே மகள், அந்த மகளின் மூன்று மாதக் கைக்குழந்தை. மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வந்தால்தான் வந்தான்.

சகலைகள் இருவருக்கும் காலையில் ஒரு சண்டை போடாவிட்டால் பொழுது விடியாது. "அண்ணே, உங்க கீரையைத் தின்னு தின்னு என் மீசையே பச்சையாகிடும் போல" என்பார் டிரைவர். "மீசை எங்க இருக்கு, அங்க தழைச்சத்து பத்தலை" என்று இவர் திருப்பிக் கொடுப்பார். ஆனால் சாயங்காலம் டிரைவர் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் போதும், தழைச்சத்து வாசலுக்கு வந்து ஏற்கெனவே தண்ணீர் விட்ட செடிக்கே மறுபடி தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பார். யாராவது கேட்டால், வெயில் அதிகம் என்பார். இருட்டின பிறகும் வெயில் அதிகம் என்றுதான் சொல்வார்.

அந்த டிரைவர் ஒருநாள் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸை ஓரம் கட்டி, பிரேக்கைப் போட்டு, பயணிகளை இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் சுருண்டு விழுந்தார் என்று நடத்துனர் வந்து சொன்னார். ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் ஓடினார்கள். ஓடிவந்தவர்களில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவர் தழைச்சத்து ஒருவர்தான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நின்று பேச நேரமில்லாதவர். "ரெண்டு பக்கமும் கல் அடைச்சிருக்கு. ரத்தத்துல யூரியா ரொம்பக் கூடிப்போச்சு, அதுதான் கவலையா இருக்கு. நாளை மறுநாள் கல்லை எடுத்துடுவோம். அப்புறம் இறங்குதான்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நீங்கள் சிரிப்பீர்கள். ரத்தத்தில் யூரியா என்பது எந்த ஆஸ்பத்திரியிலும் அன்றாடம் காதில் விழுகிற பேச்சுதான். ஆனால் ஆயுள் முழுக்க யூரியா என்றால் வெள்ளை மூட்டை, வெள்ளைக் குருணை என்றே வாழ்ந்த மனிதர் காதில் அது எப்படி விழும்? உன் சகலையின் உடம்பில் உன் மூட்டை கொட்டிக் கிடக்கிறது என்றுதான் விழுந்தது.

நர்ஸைத் தனியாக மடக்கினார். "ஏம்மா, இந்த யூரியா உடம்புக்குள்ள எப்படிப் போகுது?"

"சாப்பிடுறதுல இருந்துதான் வருது. தண்ணி விஷயத்துல அவர் முன்னாடியே கவனமா இருந்திருக்கணும்" என்றாள் அவள், ஊசியை எடுத்துக்கொண்டே. டிரைவர் வண்டி ஓட்டும்போது எங்கும் இறங்கக் கூடாதே என்று தண்ணீரே குடிக்க மாட்டார், அதைத்தான் அவள் சொன்னாள். இவர் கேட்டது வேறு. தண்ணீர்! கீரை இவர் பாத்தியில் விளைந்தது, தண்ணீர் அந்தப் பாத்தியை ஒட்டிய கிணற்றில் இறைத்தது. போதாதா?

வீட்டுக்கு வந்தவர் கிணற்றடியில் போய் நின்றார். இந்த வருஷம் மழையும் கொட்டித் தீர்த்திருந்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும், கரைந்து போயிருக்கும் என்று மறுபடி இரண்டு பிடி வைத்தவர் அவர். கரைந்து எங்கே போயிற்று என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டார். கிணறு பாட்டுக்குத் தெளிவாக வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சகலைக்கு உடம்பு சரியில்லேன்னா நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று மனைவி தட்டை முன்னால் தள்ளினாள்.

"பசிக்கலை."

"உங்களுக்கா? பசிக்கலையா?" அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவர் அவளிடம் சொல்லவில்லை. உன் தங்கை தாலிக்கு நான் உலை வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கீரை பெரிதாகப் போய்விட்டதே, அவன் எனக்குக் கூடப்பிறக்காத தம்பி ஆயிற்றே என்று உள்ளுக்குள் மறுகினார்.

மறுநாள் காலையில் அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு, ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து மேல்துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தண்ணீர்ப் பரிசோதனை செய்யும் அறை ஒன்று இருக்கிறது. வரிசையாகக் குப்பிகள், ஒரு தொட்டி, கிரீச்சிடும் மின்விசிறி. உள்ளே கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல யூரியா இருக்கான்னு பார்க்கணும்மா."

"யூரியாவா? தண்ணியில யார் போட்டது?"

"நான்தான்" என்றார். "எங்க சகலை ரத்தத்துல யூரியா வந்துடுச்சு. என்னைக் கொலைகாரன்னு நினைச்சாலும் பரவாயில்லை. இருக்கா, இல்லையா, அதை மட்டும் சொல்லு தாயே."

அந்தப் பெண் முதலில் பயந்தாள். விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க ஐயா. அது உங்க மூட்டை யூரியா இல்லை. நாம சாப்பிடுற பருப்பு, முட்டை, பால் எல்லாத்துலயும் தழைச்சத்து இருக்கு. உடம்பு வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை யூரியாவா மாத்தி ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளிடும். உங்க ரத்தத்துலயும் இருக்கு, என் ரத்தத்துலயும் இருக்கு. உங்க சகலைக்குக் கல் அடைச்சதால வெளிய போக வழியில்லை. அவ்வளவுதான்."

"அப்ப அது அவரே தயார் பண்ணதா?"

"அவரே தயார் பண்ணதுதான்."

தழைச்சத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "படுபாவி! வீட்டுக்குள்ளேயே ஃபேக்டரி வச்சிருக்கான், இத்தனை வருஷமா சொல்லவே இல்லை பாரு" என்றார். நூறு வருஷம் நல்லா இரு என்று அவளை வாழ்த்திவிட்டு எழுந்தார்.

"இருங்க, வந்ததுக்குப் பார்த்துடலாம். பாட்டிலைக் குடுங்க."

அவள் ஒரு காகிதப் பட்டையைத் தண்ணீரில் தோய்த்து எடுத்தாள். பட்டையின் நுனி இளஞ்சிவப்பானது. பிறகு சிவப்பானது. பிறகும் நிற்காமல் அடர்ந்துகொண்டே போனது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இன்னொரு பட்டையை எடுத்துத் தோய்த்தாள். அதுவும் அப்படியே ஆயிற்று.

"இதுல யூரியா இல்லை. நைட்ரேட் இருக்கு, நிறைய இருக்கு. நீங்க மண்ணுல போடுற யூரியாவை மண்ணுல இருக்குற நுண்ணுயிருங்க இப்படி மாத்தி வச்சுடும். செடி தனக்கு வேண்டியதைக் குடிக்கும். மீதி மழைத் தண்ணியோட கீழ இறங்கிடும். கழிவறைத் தொட்டி பக்கத்துல இருந்தா அதுலருந்தும் வரும். ஆத்துல சேர்ந்தா பாசி மண்டி மீனெல்லாம் மூச்சு முட்டிச் சாகும். சேத்துல கிடந்தா கொஞ்சம் கொஞ்சமா மறுபடி காத்தாவே போயிடும். கிணத்துல சேர்ந்தா..." அவள் நிறுத்தினாள். "வீட்ல கைக்குழந்தை யாராவது இருக்கா?"

"இருக்கு. சகலையோட பேத்தி. மூணு மாசம்."

"தாய்ப்பாலா, புட்டிப்பாலா?"

"புட்டிதான். பொண்ணுக்குப் பால் பத்தலை. ஆனா தண்ணியைச் சும்மா கலக்குறதில்லைம்மா. நல்லாக் கொதிக்க வச்சு, பாதியாச் சுண்ட வச்சு..."

"ஐயோ, கொதிக்க வச்சா தண்ணிதான் ஆவியாப் போகும். இது போகாது, இன்னும் கெட்டியாகும். ஃபோன் பண்ணுங்க. உடனே பண்ணுங்க."

அவர் சகலை வீட்டு எண்ணை அழுத்தினார். குழாய்த் தண்ணீரிலேயே பால் கலக்கட்டுமா என்று மகள் முறைப் பெண் கேட்டபோது, அதில் மருந்து வாடை அடிக்கிறது, பிள்ளைக்கு ஆகாது, நம் கிணற்றுத் தண்ணீர் தேன் என்று அதட்டியது யார்? வேறு யார், இவர்தான். மறுமுனையில் அவள் எடுத்தாள். "சொல்லுங்க பெரியப்பா."

"பிள்ளை எங்கம்மா?"

"தூங்குறா. நேத்திலிருந்து ஒரே தூக்கம். பாலைக்கூட முழுசாக் குடிக்க மாட்டேங்குறா."

"கிட்டப் போய்ப் பாரு. உதடு என்ன நிறம்?"

பார்த்துவிட்டு வந்தவளின் குரல் வேறாக இருந்தது. "நீலமா இருக்கு பெரியப்பா. நகம்கூட. குளிர்னு நினைச்சுப் போர்த்தி விட்டிருந்தேன். ஏன் கேக்குறீங்க? பெரியப்பா, ஏன் கேக்குறீங்க?"

"தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. நான் நேரா அங்க வந்துடுறேன்" என்றார். ஃபோனை வைத்துவிட்டுப் படியில் இறங்கியவர், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று பிற்பாடு கேட்டால் அவருக்கே தெரியாது. பரிசோதனைப் பெண் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டிருக்கிறாள். அந்த மகராசிக்கு ஒரு நன்றி சொல்லக்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை.

குழந்தை மருத்துவர் வயசில் மூத்த அம்மாள். குழந்தையின் காலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பிக் கஷாயம் போலப் பழுப்பாக நின்றது. "நல்ல வேளை, என்ன தண்ணின்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தீங்க. இல்லேன்னா இதயம், நுரையீரல்னு தேடிக்கிட்டு இருந்திருப்போம். இவ்வளவு சின்ன வயித்துல நைட்ரேட் போனா அது மாறி, ரத்தம் மூச்சுக்காத்தைத் தூக்கிட்டுப் போக முடியாம கட்டிப்போட்டுடும்" என்றார். கொடுத்த மருந்தோ கருநீலம். நீலம் பாய்ந்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று எல்லோரும் முழித்தார்கள். முள்ளை முள்ளால் எடுப்பதுதான் என்றார் மருத்துவர். ஊசி ஏறிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உதட்டின் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. அந்த வார்டில் ஒரு குழந்தை அழுததற்கு அத்தனை பேர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வராந்தாவில் மனைவி அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவளிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. "கழிவறைத் தொட்டியும் காரணமா இருக்கலாம்னு அந்தப் பொண்ணே சொல்லியிருக்கா. அவங்க தொட்டிதான் கிணத்துக்குப் பக்கம். புள்ள பொழச்சுக்கிச்சு. இப்ப எதுக்கு நீங்களாப் போய்த் தலையைக் குடுக்கணும்? கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

"அவ என் மடியில வளர்ந்த பொண்ணுடி" என்றார். கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

கட்டிலருகே அவள் குழந்தையின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் முன்னால் நின்றார். "அந்தத் தண்ணியைக் கெடுத்தது நான் போட்ட உரம்தாம்மா. குழாய்த் தண்ணி வேண்டாம்னு சொன்ன வாயும் இதுதான். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இப்ப எதுவும் பேசாதீங்க பெரியப்பா" என்றாள். எழுந்து கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் அந்தத் திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மாடியில் டிரைவருக்குக் கல்லை எடுத்தார்கள். யூரியா இறங்கியது. கண் விழித்ததும், நடந்ததையெல்லாம் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சகலையைக் கூப்பிடு என்றார். தழைச்சத்து வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"என் ரத்தத்துல இருந்தது உங்க யூரியான்னா நினைச்சீங்க?" என்றார் டிரைவர். "அண்ணே, நான் ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சதுக்கும் நீங்கதான் பொறுப்பா? எல்லாப் பெருமையும் உங்களுக்கே வேணுமா?"

"சிரிக்காதே சகலை. புள்ளையை நான்..."

"எங்க தொட்டியும்தான் கிணத்துக்குப் பக்கத்துல இருக்கு. தள்ளிக் கட்டணும்னு வருஷா வருஷம் சொன்னீங்க, நான் கேக்கலை. பாதி உங்களுது, பாதி என்னுது. பங்காளியாகிட்டோம், போங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கீழ போய் உங்க பேத்தி துணியைப் பார்த்தீங்களா? மருந்து இறங்குதாம், ஒண்ணுக்கெல்லாம் பச்சை. பெரிய தாத்தா பேரைக் காப்பாத்திட்டா."

தழைச்சத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. "நீ போயிருந்தா நான் யார்கூடடா சண்டை போடுவேன்" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். ஊசி குத்தின கால் அது. டிரைவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

எல்லோரும் வீடு திரும்பினார்கள். கிணற்று மோட்டாரிலிருந்து வீட்டுக்குப் போகிற குழாயை அடைத்துப் பாத்திக்கு மட்டும் திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீரிலேயே தழைச்சத்து கரைந்து கிடக்கும்போது மேற்கொண்டு மூட்டை எதற்கு என்று பரிசோதனைப் பெண் கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. அவர் தலையாட்டினார். காலிப் பாத்திகளில் தட்டைப்பயறு தூவினார். அதன் வேர் காற்றிலிருந்து தனக்கு வேண்டியதைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும், தேவைக்கு மேல் பிடிக்கவும் செய்யாது. கீரை முன்னைப்போலக் கறுக்கவில்லை. வாங்க வந்தவர்கள் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். "இதுதாங்க கீரை நிறம்" என்றார் அவர், கொஞ்சம் ரோஷத்தோடு.

எல்லாம் சரிதான். ஆனால் குழந்தையின் அம்மா அவரிடம் பேசவில்லை. தினமும் விடிந்ததும் அவர் தெருக்கோடிக் குழாய்க்குப் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்துவந்து சுவர்மேல் வைப்பார். அந்தக் குழாய்த் தண்ணீரையும் பரிசோதனை அறையில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தார். டிரைவர் அதைக் குடிப்பார், பாத்திரம் கழுவ அவர் மனைவி எடுப்பாள். குழந்தைக்கு மட்டும் கடையில் வாங்கின பாட்டில் தண்ணீர். அவர் அதைப் பார்த்தார். தப்பு என்று சொல்ல அவருக்கு வாயில்லை. பெற்றவள் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்.

மாசக்கணக்கில் அப்படியே போய்விடுமோ என்று மனைவி கவலைப்பட்டாள். தங்கையிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். தங்கை தன் மகளிடம் சொல்லிப் பார்த்தாள். "அவளா வரட்டும், யாரும் இடிக்காதீங்க" என்று டிரைவர் எல்லோர் வாயையும் அடைத்தார்.

ஒருநாள் காலை. தழைச்சத்து குடத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். அந்தப் பக்கம் குழந்தை பசியில் கத்து கத்தென்று கத்திக்கொண்டிருந்தது. சமையலறைக் கதவு திறந்தது. அவள் இடுப்பில் குழந்தையோடு, ஒரு கையில் பால் புட்டியோடு சுவரருகே வந்தாள். தலை கலைந்து, தூக்கமில்லாத முகம்.

"பெரியப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் கிட்டே போகவில்லை.

"இது நீங்க பார்த்துட்டு வந்த தண்ணிதானே?"

"ரெண்டு தடவை பார்த்தேன்மா. நேத்தும் குடுத்துப் பார்த்தேன். பட்டை வெள்ளையாவே இருந்துச்சு. நீ வேணா பாட்டில் தண்ணியே..."

"நான் அதைக் கேக்கலையே. குடத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள வாங்க. பால் கலக்கணும்" என்றாள் அவள். பிறகு குழந்தையைச் சுவருக்கு மேலே தூக்கி அவரிடம் நீட்டினாள். "முதல்ல இவளைப் பிடிங்க. எனக்குக் கை ரெண்டுதான் இருக்கு."

அவர் கையில் மண். மேல்துண்டில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். கத்திக்கொண்டிருந்த குழந்தை, ஆள் மாறினதில் திகைத்து, சிவந்த வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தது. அவருக்குத் தோள் குலுங்கியது.

"அழாதீங்க பெரியப்பா, பிள்ளை பயந்துடப் போகுது" என்று அவள் அதட்டினாள், தன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே.

அவரால் அழுகையை நிறுத்த முடியவில்லை. பிள்ளை பயப்படவும் இல்லை.